சாயும் எழுத்தும் சாயாத பெயரும்

கற்றல் நோக்கங்கள்

• உயிரினங்களின் அறிவியல் பெயர்களை எழுதும் முறையை அறிதல்
• சொற்செயலியில் அப்பெயர்களைத் தானியங்கு முறையில் வடிவமைக்கும் வழியைப் புரிந்துகொள்ளுதல்
• கணினி செய்யும் பணியையும் மனிதர் செய்ய வேண்டிய பணியையும் வேறுபடுத்திக் காணுதல்
• கலைச்சொற்களைப் பிரித்தறிந்து பொருள் உணர்தல்

நுழையும்முன்

இந்தியா பல மொழிகள் வழங்கும் நாடு. ஒரே மரம் ஊருக்கொரு பெயரால் அழைக்கப்படுவது இங்கு இயல்பு. ஆயினும், மருந்தும் உணவும் வேளாண்மையும் பெயரை நம்பியே நடைபெறுகின்றன. பெயரைப் பிழையின்றி எழுதுவதற்கு அறிவியல் உலகம் ஒரு முறையை வகுத்துள்ளது. அம்முறையைக் கணினியின் துணையோடு கடைப்பிடிப்பது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது. இப்பாடத்தில் அறிவியல் பெயர்கள் தமிழ் எழுத்தில், ஒற்றை மேற்கோள் குறிக்குள் தரப்பட்டுள்ளன. உலகெங்கும் அவை ரோமன் எழுத்தில் எழுதப்படுகின்றன.

ஒரு மரம், பல பெயர்கள்

தமிழில் வேம்பு என வழங்கும் மரத்தை இந்தி பேசுவோர் 'நீம்' என்பர். தெலுங்கர் 'வேப' என்பர். கன்னடர் 'பேவு' என்பர். மலையாளிகள் 'ஆரியவேப்பு' என்பர். பெயர் பலவானாலும் மரம் ஒன்றே. இதனால் பெருந்தீங்கு விளைவதில்லை. ஆனால், ஒரே பெயர் வெவ்வேறு உயிரினங்களைக் குறிக்குமாயின் குழப்பம் தோன்றும்.

இந்தியில் 'மீட்டா நீம்' என்று சொல்லப்படுவது இனிப்பான வேம்பு அன்று. அது சமையலுக்குப் பயன்படும் கறிவேப்பிலை. வடநாட்டில் 'பிராமி' என்னும் பெயர் இரண்டு மூலிகைகளுக்கு வழங்குகிறது. ஒன்று தமிழர் நீர்ப்பிரமி என அழைக்கும் செடி, மற்றொன்று வல்லாரை. இரண்டும் ஈரமான நிலத்தில் படர்பவை. இரண்டும் மருந்தாகப் பயன்படுபவை. ஆயினும், அவை வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த செடிகள். 'பிராமி' என்று மட்டும் எழுதப்பட்ட மருந்துக் குறிப்பைப் படிப்பவர் எந்தச் செடியைப் பறிப்பார்? இவ்வினாவிற்கு விடையாக அமைவதே அறிவியல் பெயர். நீர்ப்பிரமி 'பகோபா மோனியெரி' ஆகும். வல்லாரை 'சென்டெல்லா ஏசியாட்டிகா' ஆகும். இப்பெயர்களை எழுதிவிட்டால் எந்த நாட்டிலும் எந்த மொழியிலும் ஐயம் எழாது.

இருசொல்லால் ஆன பெயர்

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை தாவரங்களுக்கு இலத்தீன் மொழியில் நீண்ட தொடர்களே பெயர்களாக இருந்தன. இலை, தண்டு, பூ ஆகியவற்றின் தன்மைகளை அடுக்கிக் கூறும் அத்தொடர்களை நினைவில் வைத்தல் அரிதாயிற்று. சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் கார்ல் லின்னேயஸ் இந்நிலையை மாற்றினார். அவர் 1753-ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஸ்பீசிஸ் பிளாண்டாரம்' என்னும் நூலில் தாவரங்கள் அனைத்திற்கும் இருசொற்பெயரைச் சீராக வழங்கினார். 1758-ஆம் ஆண்டு வெளிவந்த 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்பில் விலங்குகளுக்கும் அம்முறையைக் கையாண்டார். இன்றைய தாவரப் பெயரிடலுக்கும் விலங்குப் பெயரிடலுக்கும் இவ்விரு நூல்களே தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றன.

இருசொற்பெயரில் முதற்சொல் பேரினத்தையும், இரண்டாம் சொல் அப்பேரினத்திற்குள் அடங்கிய சிற்றினத்தையும் சுட்டும். மாமரம் 'மாஞ்சிஃபெரா இண்டிகா' எனப்படும். புளியமரம் 'டாமரிண்டஸ் இண்டிகா' எனப்படும். வேம்பு 'அசாடிராக்டா இண்டிகா' எனப்படும். மூன்றிலும் 'இண்டிகா' என்னும் சொல் வருகிறது. இந்தியாவைச் சார்ந்தது என்பது அதன் பொருள். எனவே, இரண்டாம் சொல் தனித்து நின்று எந்த உயிரினத்தையும் குறிப்பதில்லை. இருசொல்லும் சேர்ந்தே ஒரு பெயராகின்றன.

எழுதும் முறை

அறிவியல் பெயரை எழுதுவதற்குச் சில மரபுகள் உள்ளன.

1. பேரினப் பெயரின் முதலெழுத்து பெரிய எழுத்தாக இருக்கும். சிற்றினப் பெயர் முழுவதும் சிறிய எழுத்தில் அமையும்.

2. அச்சில் இருசொல்லும் சாய்வெழுத்தில் இடம்பெறும். கையால் எழுதும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியே அடிக்கோடு இடப்படும்.

3. பெயரைச் சூட்டிய அறிஞரின் பெயரோ அதன் சுருக்கமோ பின்னால் வருமாயின், அது நேரெழுத்தில் நிற்கும். மாமரத்தின் பெயரை அடுத்து வரும் 'எல்.' என்னும் ஓரெழுத்து லின்னேயஸைக் குறிக்கும். அவ்வெழுத்து சாய்வதில்லை.

4. துணைச் சிற்றினம், வகை ஆகியவற்றைக் குறிக்கும் சுருக்கச் சொற்களும், 'சிற்றினம் அறியப்படவில்லை' என்னும் பொருளில் பேரினப் பெயரை அடுத்து வரும் 'எஸ்பி.' என்னும் சுருக்கமும் நேரெழுத்திலேயே எழுதப்படும்.

5. ஒருமுறை முழுப்பெயரை எழுதியபின், பேரினப் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கி எழுதலாம்.

6. தலைப்பு முழுவதும் சாய்வெழுத்தில் அமைந்தால், அதனுள் வரும் அறிவியல் பெயர் நேரெழுத்தில் நிற்கும். சுற்றியுள்ள சொற்களிலிருந்து பெயரை வேறுபடுத்திக் காட்டுவதே சாய்வின் நோக்கம் ஆதலால், எல்லாம் சாயும் இடத்தில் பெயர் நிமிர்கிறது.

தெரிந்து தெளிவோம்

சாய்வெழுத்து இத்தாலி நாட்டில் தோன்றியது. வெனிஸ் நகரத்தில் அச்சுக்கூடம் நடத்திய ஆல்டஸ் மனூசியஸ் என்பவர் 1501-ஆம் ஆண்டு சாய்வெழுத்தில் ஒரு முழு நூலை அச்சிட்டார். அவ்வெழுத்துகளை வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அக்காலத்தில் முழு நூலையும் அச்சிடப் பயன்பட்ட எழுத்து, பிற்காலத்தில் வரியினுள் சில சொற்களைத் தனித்துக் காட்டப் பயன்படலாயிற்று.

கணினி துணை நிற்கும் இடம்

இந்தியாவில் உள்ளாட்சி அமைப்புகள்தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு உருவாக்கப்படுகிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு இது. ஓர் ஊரில் உள்ள தாவரங்கள், விலங்குகள், அவற்றைப் பற்றி மக்கள் பெற்றுள்ள அறிவு ஆகியன அதில் பதிவாகின்றன. உள்ளூர்ப் பெயரும் அறிவியல் பெயரும் அருகருகே இடம்பெறுகின்றன.

அத்தகைய பதிவேடு ஒன்றில் 300 உயிரினங்கள் உள்ளன எனக் கொள்க. ஒவ்வொரு பெயரும் நான்கு இடங்களில் வருமாயின், 1,200 இடங்களில் எழுத்தைச் சாய்க்க வேண்டும். ஒவ்வோர் இடத்தையும் தேடித் தெரிவுசெய்து சாய்ப்பது நெடும்பணி. களைப்பினால் சில இடங்கள் விடுபடும். சில இடங்களில் முற்றுப்புள்ளியும் அடுத்த சொல்லும் சேர்ந்தே சாயும். இங்குத்தான் கணினியின் தானியங்கு வசதி துணைக்கு வருகிறது. அதைப் பயன்படுத்தும் முறை ஐந்து படிகளைக் கொண்டது.

முதற்படி, பெயர்ப்பட்டியல் அமைத்தல். பதிவேட்டில் வரும் எல்லா அறிவியல் பெயர்களையும் வரிக்கு ஒன்றாகத் தனிக்கோப்பில் எழுத வேண்டும். அவற்றின் எழுத்துகளை நம்பத்தகுந்த நூல்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். 1890-இல் தொடங்கப்பட்ட இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனமும், 1916-இல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் மதிப்பாய்வு நிறுவனமும் வெளியிடும் பட்டியல்கள் இதற்கு உதவும்.

இரண்டாம் படி, எழுத்துப்பாணி ஒன்றை உருவாக்குதல். மைக்ரோசாஃப்ட் வேர்டு, லிபர்ஆபீஸ் ரைட்டர் முதலிய சொற்செயலிகளில் எழுத்துகளுக்குரிய பாணியைப் பெயரிட்டு அமைக்கலாம். 'அறிவியல் பெயர்' என ஒரு பாணியை அமைத்து, அதற்குச் சாய்வெழுத்தைக் குறிக்க வேண்டும். அப்பாணியில் உள்ள சொற்களுக்கு எழுத்துப்பிழை பார்க்க வேண்டா என்றும் அமைத்துக்கொள்ளலாம். அவ்வாறு செய்தால் இலத்தீன் சொற்களின் கீழ்ச் சிவப்புக் கோடு தோன்றாது. செயலி பரிந்துரைக்கும் ஆங்கிலச் சொல் தவறுதலாகப் பெயரின் இடத்தில் அமர்ந்துவிடும் இடரும் நீங்கும்.

மூன்றாம் படி, தேடி மாற்றுதல். 'ஃபைண்ட் அண்டு ரீப்ளேஸ்' என்னும் வசதியில் முழு இருசொற்பெயரையும் தேடுசொல்லாகக் கொடுக்க வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் பார்க்குமாறு கட்டளையிட வேண்டும். மாற்றாக வருவது அதே சொல்லாக இருக்க, அதற்குரிய வடிவமாக 'அறிவியல் பெயர்' பாணியைத் தெரிவுசெய்ய வேண்டும். சொல் மாறாது, அதன் தோற்றம் மட்டும் மாறும். ஒரே கட்டளையில் அப்பெயர் வரும் இடமெல்லாம் சாய்ந்துவிடும்.

நான்காம் படி, மேக்ரோ எழுதுதல். 300 பெயர்களுக்கும் மூன்றாம் படியைத் திரும்பத் திரும்பச் செய்வதும் சுமையே. ஆகவே, பட்டியலின் முதல் வரியை எடுத்துத் தேடி மாற்று, அடுத்த வரிக்குச் செல், பட்டியல் முடியும்வரை இவ்வாறே செய் என்னும் கட்டளைத் தொடரை ஒருமுறை எழுதிவைக்க வேண்டும். இக்கட்டளைத் தொடரே மேக்ரோ எனப்படும். பதிவேட்டில் புதிய பெயர் சேருமாயின், பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்து மேக்ரோவை மீண்டும் இயக்கினால் போதும்.

ஐந்தாம் படி, கண்ணால் படித்தல். மேக்ரோ முடிந்தபின் பதிவேட்டை ஒருவர் முழுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். இதனை எந்தக் கட்டளையாலும் ஈடுசெய்ய இயலாது.

பாணியை அமைக்காமல் நேரடியாகவே எழுத்தைச் சாய்த்தால் என்ன என்னும் ஐயம் எழலாம். நேரடியாகச் சாய்த்த எழுத்தில், அது அறிவியல் பெயரா, நூற்பெயரா, அழுத்தம் தருவதற்காகச் சாய்த்த சொல்லா என்பது கணினிக்கு விளங்காது. பாணியால் குறித்த சொற்களை மட்டும் தனியே தேடி எடுக்கலாம். பிறகு தோற்றத்தை மாற்ற வேண்டுமாயின், ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடங்களிலும் மாறும்.

கணினி தடுமாறும் இடம்

கணினி எழுத்தின் வடிவத்தை ஒப்பிடுகிறது, பொருளை உணர்வதில்லை. இவ்வேறுபாட்டை மறந்தால் பிழைகள் விரைவாகவும் பெருமளவிலும் பரவும்.

உத்தராகண்டு மாநிலத்தின் மாநில மரம் 'புராஞ்சு'. அதன் அறிவியல் பெயர் 'ரோடோடென்ட்ரான் ஆர்போரியம்'. ஆங்கிலத்தில் அம்மரவகையின் பொதுப்பெயரும் ரோடோடென்ட்ரானே. பட்டியலில் பேரினப் பெயரை மட்டும் கொடுத்துவிட்டால், வரியின் தொடக்கத்தில் பெரிய எழுத்தோடு வரும் பொதுப்பெயரும் சாய்ந்துவிடும். கொரில்லாவின் நிலையும் இத்தகையதே. பேரினப் பெயர், சிற்றினப் பெயர், பொதுப்பெயர் ஆகிய மூன்றும் அதற்கு ஒரே சொல்லாக அமைந்துள்ளன. எவ்விடத்தில் அது அறிவியல் பெயர், எவ்விடத்தில் பொதுப்பெயர் என்பதை வாக்கியத்தின் பொருளறிந்தவரே சொல்ல முடியும்.

வங்கப்புலியின் துணைச் சிற்றினப் பெயர் 'பாந்தெரா டைகிரிஸ் டைகிரிஸ்'. பட்டியலில் இருசொற்பெயர் மட்டும் இருந்தால், மூன்றாம் சொல் சாயாமல் நிற்கும். எனவே, முச்சொற்பெயர்களையும் பட்டியலில் தனியே சேர்த்தல் வேண்டும்.

சுருக்கப்பெயர்கள் இன்னும் பெரிய சிக்கலைத் தருகின்றன. ரோமன் எழுத்தில் 'ஈ. கோலை' என எழுதினால் பெரும்பாலோர் 'எஸ்செரிசியா கோலை' என்னும் பாக்டீரியத்தையே நினைப்பர். ஆனால், 'எண்டமீபா கோலை' என்னும் ஒருசெல் உயிரியின் சுருக்கமும் அதுவே. இரண்டும் மனிதக் குடலில் வாழ்பவை. ஆய்வகக் குறிப்பு ஒன்றில் முழுப்பெயரை எழுதாமல் சுருக்கத்தை மட்டும் எழுதினால், படிப்பவர் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளக்கூடும். கணினி இரண்டையும் ஒரே அழகோடு சாய்த்துக் காட்டும். வடிவம் பிழையற்றது, பொருளோ ஐயத்திற்குரியது.

தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் பெயரிடும் விதித்தொகுப்புகள் தனித்தனியானவை. ஆதலால், ஒரே பேரினப் பெயர் இரு பிரிவுகளிலும் வருதல் உண்டு. 'ஃபைகஸ்' என்பது ஆலமரமும் அரசமரமும் அடங்கிய பேரினம். அதே பெயரில் கடல்நத்தைப் பேரினம் ஒன்றும் உள்ளது. பெயரின் வடிவத்தை மட்டும் கண்டு மரமா நத்தையா எனக் கணினி கூறாது.

பெயரையே மாற்றிய தானியங்கி

தானியங்கு வசதி எழுத்தின் தோற்றத்தோடு நில்லாமல் பெயரையே மாற்றிவிட்ட நிகழ்வும் அறிவியல் வரலாற்றில் உண்டு. மனித மரபணுக்களுக்கும் ஆய்வாளர்கள் சுருக்கக் குறியீடுகளை வழங்கியுள்ளனர். அவற்றுள் 'செப்ட்1', 'மார்ச்1' என்பன சில. இவற்றை எக்செல் விரிதாளில் எழுதியவுடன், செயலி அவற்றைச் செப்டம்பர் 1, மார்ச் 1 என்னும் நாள்களாக மாற்றிவிட்டது. இச்சிக்கலை ஆய்வாளர்கள் 2004-ஆம் ஆண்டிலேயே கட்டுரையாக வெளியிட்டு எச்சரித்தனர். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எக்செல் வடிவில் மரபணுப் பட்டியல்களை இணைத்திருந்த கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழைகள் இருந்ததாகக் கண்டறிந்தது.

இறுதியில் மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020-இல் புதிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 'செப்ட்1' என்பது 'செப்டின்1' என்றும், 'மார்ச்1' என்பது 'மார்ச்எஃப்1' என்றும் மாற்றப்பட்டன. செயலியின் பழக்கத்திற்கு ஏற்ப அறிவியல் தன் பெயர்களை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. தானாக மாற்றும் அவ்வசதியைப் பயனர் நிறுத்திவைப்பதற்கான வழி 2023-இல் எக்செல் செயலியில் சேர்க்கப்பட்டது. இந்நிகழ்வில் செயலி தனக்கிட்ட விதியின்படியே நடந்தது. அவ்விதி எவ்விடத்துக்குப் பொருந்தாது என்பதைக் கண்டறிந்து சொன்னவர்கள் மனிதர்களே.

பெயருக்குப் பொறுப்பு

சாய்வெழுத்தில் அமைந்த இருசொல்லைக் காணும் ஆய்வாளர், அதனை எழுதியவர் உயிரினத்தை ஆராய்ந்து அறிந்தே எழுதியுள்ளார் என நம்புகிறார். மருந்து செய்வோரும், விதை வாங்குவோரும், நோயாளிக்கு மருத்துவம் பார்ப்போரும் அந்நம்பிக்கையின் மீதே செயல்படுகின்றனர். பிழையான பெயரும் சாய்வெழுத்தில் சரியான பெயரைப் போன்றே தோன்றும். வல்லாரையைப் பார்த்துவிட்டு 'பகோபா மோனியெரி' என எழுதினால், மேக்ரோ அதனை மறுக்காது.

ஆகவே, தானியங்கு முறை வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் மனிதரின் கவனமும் வேண்டும். பட்டியலை அமைக்கும்போது செலுத்தும் கவனம் 1,200 இடங்களைக் காக்கும். பட்டியலில் விட்ட ஒரு பிழையும் அதே வேகத்தில் எல்லா இடங்களுக்கும் செல்லும். எழுத்தைச் சாய்க்கும் பணியைக் கணினியிடம் விட்டுவிட்டு, அதனால் மிஞ்சும் நேரத்தைச் செடியையும் பெயரையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் செலவிடுவதே தானியங்கு முறையின் பயன்.

சொற்பொருள்

அறிவியல் பெயர் – உயிரினத்திற்கு உலகெங்கும் பொதுவாக வழங்கும் பெயர்
சாய்வெழுத்து – வலப்புறம் சாய்ந்த வடிவில் அமைந்த அச்செழுத்து
சொற்செயலி – எழுதவும் திருத்தவும் வடிவமைக்கவும் உதவும் கணினிச் செயலி
எழுத்துப்பாணி – பெயரிட்டுச் சேமித்த எழுத்து வடிவமைப்பு
மேக்ரோ – பல செயல்களைத் தொடர்ந்து செய்யுமாறு எழுதிவைத்த கட்டளைத் தொடர்
விரிதாள் – வரிசைகளும் நிரல்களும் கொண்ட கணினி அட்டவணை
ஐயம் – சந்தேகம்

மொழித்திறன்

பெருமை + இனம் = பேரினம்
'மை' விகுதி கெட்டுப் 'பெரு' என நின்றது. முதலெழுத்து நீண்டு 'பேரு' என்றானது. இறுதி உகரம் கெட்டுப் 'பேர்' என நின்று, 'இனம்' என்பதோடு சேர்ந்து பேரினம் என்றானது.

சிறுமை + இனம் = சிற்றினம்
'மை' விகுதி கெட்டுச் 'சிறு' என நின்றது. றகர ஒற்று இரட்டித்துச் 'சிற்று' என்றானது. இறுதி உகரம் கெட்டுச் 'சிற்ற்' என நின்று, 'இனம்' என்பதோடு சேர்ந்து சிற்றினம் என்றானது.

பயிற்சி

அ. சரியான விடையைத் தெரிவுசெய்து எழுதுக.

1. விலங்குகளின் பெயரிடலுக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படும் ஆண்டு
அ) 1501 ஆ) 1753 இ) 1758 ஈ) 1890

2. அறிவியல் பெயரில் நேரெழுத்தில் நிற்பது
அ) பேரினப் பெயர் ஆ) பெயர் சூட்டியவரின் சுருக்கம் இ) சிற்றினப் பெயர் ஈ) துணைச் சிற்றினப் பெயர்

3. வடநாட்டில் 'பிராமி' என்னும் பெயரால் குறிக்கப்படும் இரு செடிகள்
அ) வேம்பு, கறிவேப்பிலை ஆ) மா, புளி இ) நீர்ப்பிரமி, வல்லாரை ஈ) ஆல், அரசு

ஆ. பிரித்து எழுதுக.

1. சாய்வெழுத்து 2. பல்லுயிர் 3. பெருந்தீங்கு 4. முதலெழுத்து

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. சிற்றினப் பெயர் மட்டும் தனித்து நின்று ஓர் உயிரினத்தைக் குறிக்காதது ஏன்?
2. சாய்வெழுத்தில் அமைந்த தலைப்பினுள் அறிவியல் பெயர் எவ்வாறு எழுதப்படும்?
3. மேக்ரோ என்பது யாது?

ஈ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. எழுத்தை நேரடியாகச் சாய்ப்பதைவிடப் பாணியால் சாய்ப்பது சிறந்தது என்பதற்குரிய காரணங்களை எழுதுக.
2. 'ஈ. கோலை' என்னும் சுருக்கம் தரும் சிக்கலை விளக்குக.
3. மரபணுக் குறியீடுகள் மாற்றப்பட்ட நிகழ்விலிருந்து பெறப்படும் கருத்து யாது?

செயல்பாடு

பள்ளி வளாகத்தில் உள்ள பத்து மரம், செடிகளின் பெயர்களைத் தமிழிலும், நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியிலும் கேட்டறிந்து எழுதுக. உயிரியல் ஆசிரியரின் துணையோடு அவற்றின் அறிவியல் பெயர்களைக் கண்டறிந்து அட்டவணை அமைக்க. அட்டவணையைச் சொற்செயலியில் தட்டச்சு செய்து, 'அறிவியல் பெயர்' என்னும் பாணியை உருவாக்கிப் பெயர்களைச் சாய்வெழுத்தாக்குக. முடித்தபின் அட்டவணையை மற்றொரு மாணவரிடம் கொடுத்து, ஒவ்வொரு மரத்தின் அருகிலும் நின்று சரிபார்க்கச் செய்க.